காப்பர் டி, மாத்திரை, ஊசி, ஆபரேஷன்: இவற்றில் எது தொற்றைத் தடுக்கும்?

குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றிக்கொண்டே பேசும் திண்ணையானாலும் சரி, காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் நெருக்கியடித்துப் போகும் கூட்டமானாலும் சரி. "காப்பர் டி போட்டுகினா உள்ளே புண்ணு வந்துடும்க்கா, வெள்ளை படும், கடைசில கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்க" என்பது ஒன்று. "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே, இனிமே இன்னா பயம்?" என்பது இன்னொன்று. முதல் பேச்சு, செய்யாத குற்றத்தை ஒரு முறையின் தலையில் கட்டுகிறது. இரண்டாவது, உடலுறவு வழியாக ஒட்டும் தொற்றிலிருந்து தராத பாதுகாப்பை ஒரு முறை தருவதாக நம்புகிறது. இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து வருபவைதான்.

உடம்புக்குள் நடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். குழந்தை தங்க வேண்டுமென்றால் விந்தணு ரொம்ப தூரம் போகணும்: யோனி, கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பை, அதற்கு மேலே கருக்குழாய். அங்கே அந்த நேரத்தில் சினைமுட்டையும் இருக்க வேண்டும். கர்ப்பத்தடை முறைகள் எல்லாமே இந்தப் பாதையில் எங்காவது ஓரிடத்தில் மறிக்கின்றன. ஆபரேஷன் கருக்குழாயை அடைக்கிறது. மாலா-என் மாதிரியான மாத்திரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் முட்டை வெளியே வருவதையே நிறுத்திவைத்து, கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளியையும் கெட்டியாக்குகின்றன. காப்பர் டி கர்ப்பப்பைக்குள் இருந்துகொண்டு தன் செம்பால் விந்தணுவை முடக்குகிறது. வாரம் ஒன்றாகச் சாப்பிடும் சாயா மாத்திரையில் (முதல் மூன்று மாதம் மட்டும் வாரம் இரண்டு) ஹார்மோன் கிடையாது. கர்ப்பப்பை தயாராவதும் கரு வந்து சேர்வதும் ஒத்துப்போகாமல் அது பார்த்துக்கொள்கிறது.

கிருமிக்கு இவ்வளவு பயணம் தேவையில்லை. தொட்ட இடத்திலேயே தங்கிவிடும். டிரைக்கோமோனாஸ் யோனியிலேயே பெருகும். கிளமிடியாவும் கொனோரியாவும் கர்ப்பப்பை வாயின் மெல்லிய திசுவைப் பிடித்துக்கொள்ளும். சிஃபிலிஸ், ஹெர்பிஸ், ஹெச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) ஆகிய மூன்றுக்கும் தோலோடு தோல் உரசினாலே போதும். ஹெச்ஐவியும் ஹெபடைடிஸ் பி-யும் விந்து, யோனித் திரவம், ரத்தம் வழியாகப் போகும். ஆக, கருக்குழாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் யோனியும் கர்ப்பப்பை வாயும் திறந்தேதான் இருக்கின்றன. நம்மிடம் இருக்கும் முறைகளில் கிருமி வந்து படுகிற இடத்துக்கு முன்னாலேயே நிற்பது காண்டம் ஒன்றுதான். ஆணுறை, நிரோத், எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். பெண்ணுறை என்றும் ஒன்று உண்டு. ஆனால் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கடைக்காரர் நம்மையே திருப்பி ஒரு பார்வை பார்ப்பார்.

இதில் பெரிய சிக்கல், பெண்களுக்கு இந்தத் தொற்றுகளில் பல சத்தமே போடாது என்பதுதான். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கொனோரியாவிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான். வலி இல்லை, நாற்றம் இல்லை, சமையலும் வேலையும் வழக்கம்போல நடக்கும். உள்ளே கிருமி மெல்ல மேலே ஏறி, கர்ப்பப்பைக்கும் கருக்குழாய்க்கும் போய் அழற்சியை உண்டாக்கிவிட்டால் அடிவயிற்று வலி வரும், குழாயில் தழும்பு விழும், பிற்பாடு குழந்தை தங்காமல் போகலாம், இல்லை கரு குழாயிலேயே தங்கிவிடலாம். குழாயில் தங்கிய கரு உயிருக்கே ஆபத்து.

நேர்மாறாக, சத்தம் போடுகிற விஷயம் பல நேரம் பால்வினைத் தொற்றாகவே இருக்காது. வெள்ளைப்படுதலைத்தான் சொல்கிறேன். இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் நிறமில்லாமல் வழவழப்பாக வருவது இயல்பு. தயிர்த் திப்பி மாதிரி வந்து பயங்கரமாக அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் வெள்ளையில் நீர்த்துப்போய் மீன் வாடை அடித்தால் யோனியில் இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து மற்றவை பெருகிவிட்டன என்று அர்த்தம். மஞ்சளோ பச்சையோ நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்று சந்தேகிக்கலாம், இதுதான் உடலுறவு வழியாக ஒட்டுவது. நிறத்தையும் வாடையையும் மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, டாக்டர்களே அதில் ஏமாறுவதுண்டு, ஆனாலும் எல்லா வெள்ளைப்படுதலும் ஒன்றல்ல என்று தெரிந்துகொள்ள இது போதும். நம்ம பக்கத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே காரணம்தான்: "உடம்பு சூடு". ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் யாருக்குத்தான் உடம்பு சூடாக இருக்காது! வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்து, இளநீரும் குடித்துவிட்டு ஆறு மாதம் தள்ளிப்போடுவார்கள். இன்னும் சிலர் கிருமிநாசினி திரவத்தைத் தண்ணீரில் கலந்து உள்ளே கழுவுவார்கள். அது செய்யவே கூடாத வேலை. நல்ல பாக்டீரியாக்களை அது துடைத்துவிட்டால் நாற்றமும் நீரும் முன்பைவிட அதிகமாகும்.

வேலூர் மாவட்டக் கிராமங்களில் இளம் மணமான பெண்களிடம் நடத்திய ஒரு ஆய்வு 2005-ல் வெளியானது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் ஏதோ ஒரு அறிகுறி இருப்பதாகச் சொன்னார்கள், அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த மருத்துவத்துக்கும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன காரணங்களை இன்றைக்கும் எந்த ஊரிலும் கேட்கலாம்: பக்கத்தில் லேடி டாக்டர் இல்லை, தனியாகப் பேச இடமில்லை, தூரம், செலவு, அப்புறம் "இதெல்லாம் பொம்பளைங்களுக்கு இருக்கறதுதானே".

சரி, முறைகளுக்கு வருவோம்.

ஆபரேஷனில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தமிழ்நாட்டில் அதுதான் முறை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே மணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். காண்டம் பயன்படுத்துகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். இரண்டாவது பிரசவத்தோடு, இருபதுகளின் நடுவிலேயே முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது, ஆனால் உடலுறவு வாழ்க்கை இன்னும் இருபது முப்பது வருஷம் இருக்கிறது. அந்த வருஷங்களில் காண்டத்துக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை என்று ஆகிவிடுவதுதான் பிரச்சினை. கருக்குழாய் அடைபட்டிருப்பதால் கிருமி வயிற்றுக்குள் ஏறுவது ஓரளவு குறையலாம். ஆனால் கர்ப்பப்பை வாயில் வருகிற கிளமிடியா, ஹெச்பிவி, ரத்தத்தில் கலக்கிற ஹெச்ஐவி, சிஃபிலிஸ் எதையும் அது தடுக்காது. கணவர் வாசெக்டமி செய்துகொண்டிருந்தாலும் இதே கதைதான், விந்தணு மட்டும்தான் நிற்கும், திரவமும் கிருமியும் வரும்.

இப்போது காப்பர் டி. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும், அதன் மேல்தான் பழி அதிகம். வயதானவர்கள் இன்னமும் "லூப்" என்றுதான் சொல்வார்கள், 1965-ல் அரசுத் திட்டத்தில் வந்த லிப்பஸ் லூப் விட்டுப்போன பெயர் அது. காப்பர் டி-க்குக் கெட்ட பெயர் வந்ததில் ஒரு பங்கு நம்ம ஊரைச் சேர்ந்ததே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்று ஒரு சாதனம் விற்றார்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனங்களுக்கெல்லாம் (வளையம் என்றும் சொல்வார்கள்) கீழே ஒரு நூல் தொங்கும், சாதனம் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும், பிற்பாடு எடுக்கவும். டால்கன் ஷீல்டின் நூல் ஒரே இழை அல்ல, பல மெல்லிய இழைகளைச் சேர்த்து ஓர் உறைக்குள் போட்டது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்த நூல் யோனியில் இருக்கும் கிருமிகளை மேலே இழுத்துக்கொண்டுபோய் கர்ப்பப்பைக்குள் விட்டது. பல பெண்களுக்குக் கடுமையான தொற்று, சிலர் இறந்தும் போனார்கள், 1974-ல் விற்பனை நின்றது. அந்தப் பயம் மட்டும் உலகம் முழுக்க எல்லா வளையங்களின் மேலும் ஒட்டிக்கொண்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் காப்பர் டி 380ஏ-வின் நூல் வேறு, வழவழப்பான ஒற்றை இழை.

அப்படியானால் காப்பர் டி-யால் தொற்றே வராதா? இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தரவுகளை வைத்து, 22,000-க்கும் மேற்பட்ட தடவை வளையம் பொருத்தியதைத் தொகுத்து 1992-ல் ஒரு கட்டுரை வந்தது. கர்ப்பப்பைத் தொற்றின் அபாயம் பொருத்திய முதல் 20 நாளில், பிந்தைய காலத்தைவிட ஆறு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த 20 நாள் தாண்டியபின் அது மிகவும் குறைந்து, வருஷக்கணக்கில் அப்படியே குறைவாகவே இருந்தது. வளையமே கிருமியை உண்டாக்குகிறது என்றால் வருஷம் ஆக ஆகத் தொற்று கூடியிருக்க வேண்டுமே! நடப்பது என்னவென்றால், கர்ப்பப்பை வாயில் ஏற்கெனவே கிளமிடியாவோ கொனோரியாவோ சத்தமில்லாமல் இருந்தால், பொருத்தும்போது அது உள்ளே தள்ளப்படுகிறது.

அதனால்தான் பொருத்தும் நாள் முக்கியம். ஒழுங்காகச் செய்கிற இடத்தில் டாக்டரோ நர்ஸோ முதலில் ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்து, விளக்கு வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார். சீழ் மாதிரி வடிகிறதா, தொட்டால் ரத்தம் கசிகிறதா, அடிவயிற்றை அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்த்து, ஏதாவது இருந்தால் "இன்னைக்கு வேணாம்மா, முதல்ல மருந்து சாப்பிட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்புவார். அப்படி அனுப்பினால் கோபப்பட வேண்டாம், சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் அயோடின் கலந்த மருந்தால் துடைத்து, வளையம் யோனிச் சுவரில் படாமல் நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி, நூலை அளவாகக் கத்தரித்துவிடுவார். முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள நீர் என்று எது வந்தாலும் அடுத்த மாத விசிட் வரைக்கும் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். பிற்பாடு தொற்று வந்தாலும் வளையத்தை உருவியே தீர வேண்டும் என்றில்லை. உள்ளே இருக்கும்போதே ஆன்டிபயாடிக் கொடுத்து குணப்படுத்தலாம், இரண்டு மூன்று நாளில் முன்னேற்றம் தெரியாவிட்டால்தான் எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள்.

பிரசவம் ஆனதும் 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போடும் வழக்கம் நம்ம அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மருத்துவரீதியாக அதில் தப்பில்லை. ஆனால் போட்டதைச் சரியாகச் சொல்லாமல், இல்லை வலியில் இருக்கும்போது ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டுவிட்டார்கள் என்று வருத்தப்படும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. சொல்லாமல் போட்ட வளையத்தின் மேல் பிறகு வருகிற ஒவ்வொரு வயிற்று வலிக்கும் பழி விழுவதில் ஆச்சரியம் என்ன?

மாத்திரைக்கும் ஊசிக்கும் வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் கிளமிடியா கொஞ்சம் அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. ஊசி போட்டுக்கொள்பவர்களைப் பற்றியும் 2004-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று அப்படிச் சொன்னது. இதைக் கேட்டதும் "மாத்திரை தொற்றைத் தருகிறது" என்று எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பெரியாஸ்பத்திரிக்குள் போனால் வெளியே இருப்பதைவிட நோயாளிகள் அதிகம், அதனால் ஆஸ்பத்திரிதான் நோயைக் கொடுக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா? அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். மாத்திரையும் ஊசியும் எடுப்பவர்கள் காண்டத்தை விட்டுவிடுகிறார்களா? அவர்கள் அடிக்கடி கிளினிக்குக்கு வருவதால் அதிகமாகப் பரிசோதிக்கப்பட்டு, அதனாலேயே அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறதா? வயது ஒன்றா? துணையின் பழக்கவழக்கம் ஒன்றா? இதையெல்லாம் கழித்துப் பார்த்தபின் மிச்சம் ஏதாவது இருந்தால்தான் மாத்திரையைச் சந்தேகிக்க முடியும்.

உடம்பு சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், கர்ப்பப்பை வாயின் உட்பக்க மெல்லிய செல்களை வெளிப்பக்கமாகப் பரவச் செய்கிறது. சின்ன வயதுப் பெண்களுக்கு இது இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். கிளமிடியாவுக்கு ரொம்பப் பிடித்த செல்கள் அவை. ஆகவே கிருமி வந்து படும்போது ஒட்டிக்கொள்ள இடம் கொஞ்சம் கூடுதல். ஆனால் கிருமி வர வேண்டும், அதை மாத்திரை கொண்டுவருவதில்லை.

ஊசியின் மேல் இருந்த சந்தேகம் இதைவிடப் பெரியது: அது ஹெச்ஐவி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறதா? குரங்குகளில் செய்த சோதனைகளும் ஆப்பிரிக்காவில் செய்த சில ஆய்வுகளும் ஆமாம் என்கிற மாதிரி சொல்ல, வேறு சில இல்லை என்றன. பல வருஷம் இந்த வாதம் ஓடியது. கடைசியில் எக்கோ என்ற பெயரில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, எஸ்வாட்டினி நாடுகளில் 16 முதல் 35 வயது வரையான 7,829 பெண்கள். எல்லோருடைய சம்மதத்தோடும், யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் மாதிரி முடிவு செய்தார்கள்: ஒரு பங்கினருக்கு ஊசி, ஒரு பங்கினருக்கு காப்பர் வளையம், ஒரு பங்கினருக்குக் கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளாண்ட். குலுக்கல் ஏன் என்றால், பெண் தானே தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன எல்லாக் குழப்பங்களும் (வயது, துணை, காண்டம்) கூடவே வந்துவிடும். குலுக்கினால் அவை மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும், அப்புறம் வித்தியாசம் வந்தால் அது முறையால் வந்ததுதான்.

2019 ஜூனில் முடிவு வெளிவந்தது. மொத்தம் 397 பெண்களுக்குப் புதிதாக ஹெச்ஐவி வந்திருந்தது: ஊசிக் குழுவில் 143, காப்பர் வளையக் குழுவில் 138, இம்ப்ளாண்ட் குழுவில் 116. பெரிய வித்தியாசம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம், ஹெச்ஐவி அபாயம் அதிகமுள்ள பெண்களும் இந்த முறைகளைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதலை மாற்றியது. எனக்கு இதில் தைக்கிற விஷயம் வேறு. ஊசி குற்றவாளி இல்லை என்று தெரிந்தது சரி, ஆனால் மூன்று குழுவிலுமே நூறு பெண்களை ஒரு வருஷம் பார்த்தால் மூன்று நான்கு பேருக்கு ஹெச்ஐவி. அதுவும் காண்டம் கொடுத்து, ஆலோசனை சொல்லி, அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே இருந்த சோதனையில். மூன்று முறைகளும் கர்ப்பத்தை நன்றாகத் தடுத்தன, தொற்றை எதுவும் தடுக்கவில்லை.

மற்ற முறைகளை ஒரு வரியில் முடித்துவிடலாம். வெளியே விடுதல், நாள் பார்த்துச் சேருதல், அவசர மாத்திரை எதுவும் தொற்றைத் தடுக்காது. விந்தணுவைக் கொல்லும் நோனாக்சினால்-9 என்ற மருந்து ஹெச்ஐவியையும் கொல்லும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டார்கள். அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு யோனியில் புண்ணாகி அபாயம் கூடத்தான் செய்தது என்று 2002-ல் வெளியான சோதனை காட்டியது.

ஆக மிஞ்சுவது காண்டம். ஒவ்வொரு முறையும் விடாமல் போட்டால் ஹெச்ஐவி பரவும் வாய்ப்பை 80 சதவீதம் அளவுக்குக் குறைக்கும். கிளமிடியா, கொனோரியா, டிரைக்கோமோனாஸையும் நன்றாகக் குறைக்கும். ஹெர்பிஸ், சிஃபிலிஸ், ஹெச்பிவி மூன்றும் உறை மூடாத தோலிலும் இருக்கக்கூடியவை, அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் முழுசாக இல்லை. கர்ப்பத்தைத் தடுப்பதில் காண்டம் காப்பர் டி அளவுக்கு நம்பகமானது அல்ல. நடைமுறையில் பயன்படுத்துகிற விதத்தில் வருஷத்துக்கு நூற்றில் 13 பேருக்குக் கர்ப்பம் தங்கிவிடுகிறது. அதனால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதைவிட, தொற்று வரக்கூடிய சூழ்நிலையில் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே நல்லது: கர்ப்பத்துக்குக் காப்பர் டி-யோ ஊசியோ, தொற்றுக்குக் காண்டம்.

காண்டம் கிழிவதற்கு நம்ம ஊரில் இரண்டு காரணங்கள் தனியாக உண்டு. ஒன்று வெயில். பைக் டேங்க் கவரிலும் பர்ஸிலும் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் ரப்பர் சூட்டில் இற்றுப்போயிருக்கும். வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள், தேதியைப் பாருங்கள். இரண்டாவது தேங்காய் எண்ணெய். வறட்சிக்காகப் பலர் அதைத்தான் தடவுகிறார்கள், ஆனால் எந்த எண்ணெயும் லேடெக்ஸ் ரப்பரைச் சில நிமிஷங்களிலேயே பலவீனமாக்கிவிடும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், நிஜமான தடை ரப்பரில் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆபரேஷன் ஆன பெண் கணவரிடம் காண்டம் என்று எடுத்தால் அடுத்த கேள்வி, "இன்னாடி, என் மேல சந்தேகமா?" என்பதாகவோ, அதைவிட மோசமாகவோ இருக்கும். இந்தியாவில் ஹெச்ஐவி முதலில் தெரியவந்த கதையே நம்ம ஊரோடு சேர்ந்தது. 1986-ல் சென்னையில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலேறி வந்து பரிசோதிக்கப்பட்டது வேலூர் சிஎம்சி-யில்தான். அவை பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் மாதிரிகள் என்பதால், இது "அந்த மாதிரிப் பொம்பளைங்களுக்கு" வரும் நோய் என்று ஊரே முடிவுகட்டியது. பிறகு 2000-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், தொற்றுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே துணையோடு இருந்தவர்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிகள். மனைவி ஒழுக்கமாக இருப்பது அவளுடைய துணைக்கு ஏற்கெனவே இருக்கும் தொற்றிலிருந்து அவளைக் காப்பாற்றாது. கிளமிடியா ஆணுக்கும் பல நேரம் அறிகுறி காட்டாது, கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்ததாகக்கூட இருக்கலாம், ஆகவே மனைவிக்குத் தொற்று தெரிந்தவுடன் யார் யாரிடம் போனார் என்று பஞ்சாயத்து வைப்பதில் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

கிடைக்க வேண்டியது மருந்து, அதுவும் இரண்டு பேருக்கும். மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டு குணமாகி, கணவர் சாப்பிடாமல் இருந்தால் அடுத்த வாரமே திரும்ப வந்துவிடும். அப்புறம் "மருந்து வேலை செய்யலை, அந்த காப்பர் டி-தான் காரணம்" என்று அதை உருவிப்போடுவார்கள். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்து, முடிந்தபின் ஒரு வாரம் உறவைத் தவிர்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். மெடிக்கல் ஷாப்பில் வெள்ளைப்படுதலுக்கு என்று கேட்டு ஒரே ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது பணத்துக்கும் கேடு, கிருமிக்கும் பழக்கமாகிவிடும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. பரிசோதனை, ஆலோசனை, மருந்து எல்லாம் இலவசம். "பால்வினை நோய்" என்ற போர்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார நம்ம பெண்கள் செத்தாலும் வரமாட்டார்கள், சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம். அப்படிப்பட்டவர்கள் மகளிர் ஓ.பி-க்கே போகலாம், பெரிய ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பார்ப்பார்கள். அங்கே கலர் கலரான பெட்டிகளில் மருந்து கொடுத்தால் குழம்ப வேண்டாம்: அறிகுறியை வைத்து வகைப்படுத்திய கிட் அது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, கர்ப்பப்பை வாய்த் தொற்றுக்குச் சாம்பல், அடிவயிற்று வலிக்கு மஞ்சள். முழுசாகச் சாப்பிட வேண்டும். கணவருக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹெச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், அங்கே முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். 30 வயது தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் கேளுங்கள், ஆபரேஷன் ஆகியிருந்தாலும் கேளுங்கள். பெண் பிள்ளை இருந்தால் ஹெச்பிவி தடுப்பூசியைப் பற்றி விசாரியுங்கள், நம்ம நாட்டிலேயே தயாராகும் செர்வாவேக் 2023-ல் வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் போடலாம், கட்டணம் கிடையாது, பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.